அணிப் பட்டியலில் பெயர் வராத வீடுகளுக்கும் சேர்த்து

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

குறுவட்டப் போட்டிக்கான கால்பந்து அணிப் பட்டியலைத் திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் என் அறை வாசலில் ஐந்து பெற்றோர்கள். 18 இடத்துக்கு 50 பேருக்கு மேல் பெயர் கொடுத்திருந்தார்கள், அதனால் வருத்தப்படும் வீடுகள்தான் அதிகமாக இருக்கும் என்பது தெரிந்ததுதான். வந்தவர்களில் ஒரு அப்பா மட்டும் சண்டை போடவில்லை. "பையன் குள்ளமா இருக்கான்னுதானே சார் எடுக்கல? அப்படின்னா சொல்லிடுங்க, இதையெல்லாம் விட்டுட்டு ஒழுங்காப் படிக்கட்டும்" என்றார். "அப்படியெல்லாம் இல்லைங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதிலே இல்லை என்று ராத்திரிதான் உறைத்தது.

எனக்குக் கால்பந்தில் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் ஒரு ஆட்டம் மறக்கவில்லை. 2002 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. உலகக் கோப்பைக் கால்பந்து. தென் கொரியாவில் இஞ்சியோன் நகரில் இரவு ஆட்டம், நமக்குச் சாயங்காலம் ஐந்து மணி. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. டீக்கடை டிவியில் கொரியாவும் போர்ச்சுகலும் ஆடிக்கொண்டிருந்தன. இடப்பக்கமிருந்து பந்து உயரமாக வந்தது. ஒல்லியான ஒரு பையன் அதை நெஞ்சில் வாங்கி, கீழே விழுவதற்குள் வலது காலால் எதிரில் நின்றவரைத் தாண்டி ஒரு தட்டுத் தட்டி, அப்படியே இடது காலால் அடித்தான். கோல்கீப்பரின் இரண்டு கால்களுக்கு நடுவே புகுந்து போனது பந்து. போட்டவன் கூட்டத்தைப் பார்த்து ஓடவில்லை. பயிற்சியாளர் ஹிடிங்க்கைத் தேடி ஓடி, குழந்தை மாதிரி அவர் மேல் தாவி ஏறிக்கொண்டான். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த உலகக் கோப்பையில் கொரியா நான்காவது இடம் வரை போனது.

அந்தப் பையன்தான் பார்க் ஜி சுங். சுவோன் நகரத்தில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் உயரமும் போதாது, உடம்பும் போதாது. பாதம் வேறு தட்டை. பிள்ளைக்குக் கறி கிடைக்கட்டும் என்று அவருடைய அப்பா பார்த்த வேலையை விட்டுவிட்டு இறைச்சிக்கடை வைத்தார். தவளையை வேகவைத்து எடுத்த சாற்றைக்கூடக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். (தயவுசெய்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம். போன மாதம் ஒரு அம்மா கொண்டுவந்து காட்டிய 'உயரம் வளர்க்கும் பவுடர்' டப்பாவுக்கும் இதே பதில்தான். வீட்டுச் சாப்பாடும் நல்ல தூக்கமும் போதும்.)

பள்ளி முடித்தபோது கொரியாவின் தொழில்முறை அணிகள் எதுவும் அவரைச் சேர்க்கவில்லை. பல்கலைக்கழகங்களும் தட்டிக்கழித்தன. கடைசியில் மியோங்ஜி பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. அங்கிருந்து 2000-இல் ஜப்பானின் கியோட்டோ அணிக்குப் போனார். அவர் சேர்ந்த வருடமே அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது, அடுத்த வருடம் மேலே ஏறி வந்தது. 2003 ஜனவரி 1 அன்று நடந்த ஜப்பானின் பேரரசர் கோப்பை இறுதிப் போட்டியில் அணியைச் சமநிலைக்குக் கொண்டுவந்த கோல் அவருடையது. அந்தக் கோப்பையை கியோட்டோ ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அவர் நெதர்லாந்துக்குக் கிளம்பியது அதற்கப்புறம்தான்.

நான் உண்மையில் சொல்ல நினைத்தது நெதர்லாந்துக் கதையைத்தான். அங்கே பிஎஸ்வி என்ற அணிக்குப் பயிற்சியாளராகப் போயிருந்த ஹிடிங்க் அழைத்து, அதில் சேர்ந்தவருக்கு முழங்காலில் அடி, அறுவை சிகிச்சை, அதன் பிறகு சரியாக ஆட வரவில்லை. பந்து அவர் காலுக்கு வந்தாலே சொந்த ஊர் ரசிகர்கள் ஊளையிட்டார்கள். ஹிடிங்க் என்ன செய்தார் தெரியுமா? அவரை அணியை விட்டுத் தூக்கவில்லை, "தைரியமா ஆடு" என்று தள்ளியும் விடவில்லை. கொஞ்ச நாள் வெளியூர் ஆட்டங்களில் மட்டும் இறக்கினார். கத்துகிறவர்கள் இல்லாத இடத்தில் பையன் கால் ஊன்றிக்கொள்ளட்டும் என்று. 2005-இல், ஐரோப்பாவின் பெரிய கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், இத்தாலியின் ஏசி மிலானுக்கு எதிராக முதல் கோல் போட்டவர் இவர்தான். அதே ரசிகர்கள் அவர் பெயரில் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். பல வருடமாக வகுப்பறையில் இருப்பவன் நான். ஹிடிங்க் செய்த மாதிரி எத்தனை பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறேன் என்று கேட்டால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

அப்புறம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணி. ஏழு சீசன், 205 ஆட்டம், அந்த நாட்டின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கில் நான்கு பட்டங்கள். கோல் 27-தான். அவர் வேலையே ஓடுவது, எதிராளியின் பந்தைப் பிடுங்குவது, அடுத்தவருக்கு இடம் உண்டாக்குவது. 'மூன்று நுரையீரல்காரர்' என்பார்கள். 2010-இல் மிலான் அணியின் ஆட்டத்தையே நடத்திய பிர்லோவை ஆட்டம் முழுக்க நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு நிம்மதியாக ஆட விடாமல் செய்தார்.

அப்படிப்பட்டவரின் பெயரும் ஒரு பட்டியலில் இல்லாமல் போயிருக்கிறது. 2008 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவோடு இரண்டு ஆட்டங்களிலும் ஆடியவர், மாஸ்கோவில் நடந்த இறுதிப் போட்டிக்கு மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில்கூட இல்லை. கோட் போட்டுக்கொண்டு பார்த்தார். அணி ஜெயித்தது. அந்த முடிவு தன் மனதை உறுத்தியதாகப் பயிற்சியாளர் பெர்குசன் பின்னாளில் சொன்னார். மறுவருடம் ரோமில் நடந்த இறுதிப் போட்டியில் பார்க் இறங்கினார். சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆடிய முதல் ஆசியர் அவர்தான். அந்த ஆட்டத்தில் அணி தோற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கதை இனிப்பாகவே இருக்க வேண்டும் என்று எதையும் மறைக்க விரும்பவில்லை.

நாட்டுக்காக 100 ஆட்டங்கள், தொடர்ந்து மூன்று உலகக் கோப்பைகளிலும் கோல். ஆனால் அந்த முழங்கால் விடவில்லை. 2011-இல் தேசிய அணியிலிருந்தும், 2014 மே மாதம் ஆட்டத்திலிருந்தே விலகினார். வயது 33. பிறகு விளையாட்டு நிர்வாகம் படித்தார். ஆகவே, விளையாட்டா படிப்பா என்று வீட்டில் பஞ்சாயத்து வைக்க வேண்டாம். இந்த மாதிரி ஓடியவர்களுக்கே கால் ஒரு நாள் நின்றுவிடுகிறது. அதே சமயம், இவரைக் காட்டி உங்கள் பிள்ளையும் இப்படி வருவான் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. லட்சத்தில் ஒருவருக்குக்கூட அது அமைவதில்லை.

இன்னொரு விஷயம். யுனைடெட் ரசிகர்கள் இவருக்காகப் பாடிய பாட்டில் கொரியர்கள் நாய்க்கறி தின்பவர்கள் என்ற கேலி இருந்தது. புதிதாகப் போன இடம், தனக்கென்று ஒரு பாட்டு இருக்கிறதே என்ற பெருமையில் அவர் பேசாமல் இருந்துவிட்டார். 2021-இல் ஹ்வாங் ஹீ-சான் என்ற இளம் கொரிய ஆட்டக்காரர் இங்கிலாந்துக்கு வந்தபோது அவர் காதிலும் அதே பாட்டு விழுந்தது. அப்போதுதான் பார்க் வாய் திறந்து, அதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றே சொல்லாமல் விட்டது தன் தவறோ என்று வருந்தினார். நம் பள்ளியிலும் 7-ஆம் வகுப்பில் ஒரு பட்டப்பெயர் சுற்றுகிறது. அந்தப் பையனும் கூடச் சேர்ந்து சிரிக்கிறான் என்பதால் நாங்களும் கண்டுகொள்ளாமல் இருந்தோம். இந்த வாரத்திலிருந்து அது கிடையாது. வீட்டிலும் அந்தப் பெயர் காதில் விழுந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

சரி, ஏற்பாடுகள். பெயர் கொடுத்த எல்லாப் பிள்ளைகளும் செவ்வாய், வியாழன் காலை ஆறரை மணிக்குப் பயிற்சிக்கு வரலாம். பட்டியலில் இருக்கிறவர், இல்லாதவர் என்று பிரிக்க மாட்டோம். அடுத்த மாதம் பக்கத்துப் பள்ளியோடு இரண்டு நட்பு ஆட்டங்களுக்குப் பேசியிருக்கிறோம். அதில் இறங்கப்போவது இந்த 18 பேர் அல்ல, மற்றவர்கள். அந்த இரண்டு ஆட்டத்துக்கும் பெற்றோர் யாரும் கோட்டுப் பக்கம் நின்று கத்த வேண்டாம் என்று பி.டி. சார் கேட்டுக்கொள்கிறார். ஷூ இல்லாதவர்கள் அவரிடம் சொன்னால் போதும், ஸ்டோர் ரூமில் சில ஜோடிகள் இருக்கின்றன.

அன்று என்னைப் பார்க்க வந்த அப்பாவுக்கு: பையனைச் செவ்வாய்க்கிழமை பார்த்தேன். எல்லோருக்கும் முன்னால் வந்து கோல் போஸ்ட்டில் வலை கட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போயிருக்கிறான், என் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்