சிவந்த கண்ணெல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெட்ராஸ் ஐ பரவுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். கைகளை அடிக்கடி கழுவ வேண்டும், துண்டைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரைகள் சரியானவையே. ஆனால் கண் சிவந்தும் அது மெட்ராஸ் ஐயாக இல்லாமல் போவது எப்போது என்பதை அச்செய்தி சொல்லவில்லை. அது தெரியாமல்தான் என் தம்பி வலது கண் பார்வையில் பெரும்பகுதியை இழந்தான்.

குறுவை அறுவடையும் மெட்ராஸ் ஐயும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் வருவது டெல்டாக்காரர்களின் போதாத காலம். நான்கு ஆண்டுகளுக்கு முன், வைக்கோல் போர் போடும்போது அவன் கண்ணில் நெற்சுணை பட்டது. ஒருவர் நாக்கால் தூசி எடுத்தார். இன்னொருவர் தாய்ப்பால் விடச் சொன்னார். மறுநாள் கண் சிவந்து நீர் வடிந்தது. ஊரில் பலருக்கும் அப்படியே இருந்ததால், மருந்துக்கடையில் கேட்ட மாத்திரத்தில் ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டே நாளில் சிவப்பு குறைந்தது, எங்களுக்கும் நிம்மதி. பத்தாம் நாள் கருவிழியில் நொய்யரிசி அளவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தபோதுதான் கண் மருத்துவரிடம் ஓடினோம். குப்பியை வாங்கிப் பார்த்தவர், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றார்.

நெல், கரும்புத் தோகை போன்றவை கருவிழியைக் கீறும்போது, ஃபியூசேரியம் முதலிய பூஞ்சைகள் அக்கீறல் வழியாக உள்ளே இறங்கி, நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் மெதுவாகப் புண்ணாக்குகின்றன. ஸ்டீராய்டு சிவப்பையும் எரிச்சலையும் அடக்குமே தவிரப் பூஞ்சையைக் கொல்லாது. கண்ணின் எதிர்ப்பாற்றலையும் சேர்த்து அடக்குவதால் பூஞ்சைக்கு அது உதவியாகவே முடிகிறது. கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று கிராமத்தில் சொல்வது பெரும்பாலும் இத்தகைய புண் ஆறிய தழும்பைத்தான். இந்த மருந்துகள் மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத ‘எச்’ அட்டவணையில் உள்ளவை. விதி குப்பியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது, படிக்க முடியாத எழுத்தில்.

அடினோ வைரஸால் பெரும்பாலும் வரும் மெட்ராஸ் ஐயில் கண் உறுத்தும், நீர் வடியும், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் மறு கண்ணுக்கும் பரவுவது வழக்கம். பீளையைத் துடைத்துவிட்டால் பார்வை பொதுவாகத் தெளிவாகவே இருக்கும். ஒன்றிரண்டு வாரங்களில் தானே ஆறிவிடும். (நோயாளியைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது பொய், கையும் துண்டும்தான் பரப்புகின்றன.) இதற்கு மாறாக ஒரு கண் மட்டும் சிவந்து, கடுமையாக வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கவே கூசி, பார்வையும் மங்கினால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அது கருவிழிப் புண்ணாகவோ கண்ணின் உட்பகுதி அழற்சியாகவோ இருக்கலாம். விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் தெரிந்து, அந்தப் பக்கத் தலையும் வலித்து வாந்தியும் வந்தால், கண் நீர் அழுத்தம் திடீரென ஏறியிருக்கக்கூடும். பித்தம், ஒற்றைத் தலைவலி என்று கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில மணி நேரத்திலேயே பார்வை நரம்பு பாழாகிவிடலாம்.

நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001இல் வெளியான ஆய்வொன்றில், கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் கிராமச் சுகாதாரப் பணியாளர்களே குளோராம்பெனிகால் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பை நாளுக்கு மூன்று வேளை, மூன்று நாள் இட்டனர். 18 மணி நேரத்துக்குள் களிம்பு இடத் தொடங்கிய எவருக்கும் புண் வரவில்லை. நம் மாநிலத்தில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடுதோறும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வருகிறார்கள். அறுவடைக் காலத்தில் மட்டுமாவது, தக்க பயிற்சியுடன், அவர்கள் பையில் இந்தக் களிம்பையும் வைக்கச் சுகாதாரத் துறை ஆலோசிக்க வேண்டும். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்து விற்கும் கடைகளை மருந்து ஆய்வாளர்கள் இந்தப் பருவத்திலேனும் சோதிக்க வேண்டும். அடுத்த முறை மெட்ராஸ் ஐ செய்தி வெளியிடும்போது, மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
மன்னார்குடி.