செயலாளர் ஆண்டறிக்கை 2023–24

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

முந்தின காவடியில் பந்தல் வராத கதையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இவர் சொல்லியிருப்பார் என்று அவரும், அவர் சொல்லியிருப்பார் என்று இவரும் இருந்துவிட்டார்கள். டர்பன் ஜனவரி வெயிலில் பால்குடத்தோடு ஜனம் நின்றது. அதன் பிறகுதான் விழா வேலைகளைத் திட்ட மென்பொருளில் ஏற்றுவதென்று செயற்குழு முடிவெடுத்தது.

ஓப்பன்புராஜெக்ட், ட்ரெல்லோ இரண்டையும் பார்த்தோம். முன்னதைக் காசில்லாமல் சொந்த சர்வரில் போட்டுக்கொள்ளலாம், எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று காட்டும் காண்ட் படமும் அதில் உண்டு. ஆனால் சர்வரை யார் பராமரிப்பது? நம் ஆபீஸ் பிரிண்டருக்கே ஆள் தேட வேண்டியிருக்கிறது. சரி என்று ட்ரெல்லோவை எடுத்தோம். இலவசக் கணக்கில் இப்போது பத்துப் பேருக்கு மேல் சேர்க்க முடியாது. ஆகவே குழுவுக்கு ஒருவர்.

முதலில் புரட்டாசி அன்னதானத்தில் மட்டும் வைத்துப் பழகினோம். பயிற்சி மூன்று சனிக்கிழமை, மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துக் குறித்தது. முதல் வகுப்பு வீண். எல்லாப் பட்டன்களையும் நானே காட்டினேன், அடுத்த வாரம் ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகமில்லை. ட்ரெல்லோவில் ஒரு வேலைக்கு ஒரு கார்டு; அப்புறம் அவரவர் வேலையை அவரவரே கார்டாக எழுதச் சொன்னோம். சமையல்கட்டு ஆயா சொல்லச் சொல்லப் பேத்தி தட்டினாள்: அரிசி, பருப்பு, அண்டா, கேஸ், யார் கொண்டுவருவது, எந்தத் தேதிக்குள். கார்டுகளை நகர்த்தும் பலகையில் ‘செய்யணும்’, ‘நடக்குது’, ‘முடிந்தது’ என்று தமிழிலேயே தலைப்பு வைத்தோம். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இந்த மூன்றையாவது எழுத்துக்கூட்டுகிறார்கள்.

காவடி வேலையில் தலைவலி கொடுத்தது அந்த ‘முடிந்தது’தான். போனில் ஒரு வார்த்தை சொன்னதுமே பந்தல் கார்டை அங்கே தள்ளிவிட்டார் ஒருவர். நல்லவேளை, பொருளாளர் முன்பணச் சீட்டு எங்கே என்று கேட்டார். அன்றிலிருந்து ரசீதுப் படம் ஒட்டாத கார்டு நகராது. இந்த முறை பந்தல் விழாவுக்கு முதல் நாளே வந்தது.

ஒரு எச்சரிக்கை. 2021 ஜூலை முதல் முழுமையாக நடப்பிலுள்ள, தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான பாப்பியாவின்படி உடல்நலமும் மத நம்பிக்கையும் தனிப் பாதுகாப்புக்குரிய விவரங்கள். காவடி எடுப்பவர்களின் சர்க்கரை, இரத்த அழுத்தம் எதையும் கார்டில் எழுதாதீர்கள்.

இரண்டு குழுக்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் குரல்பதிவுதான் அனுப்புகின்றன. அதைக் கேட்டு நான் கார்டு எழுதுகிறேன். வரும் ஆண்டு அதற்கு என்னால் முடியாது. அந்தக் குழுக்கள் இன்றே ஒருவர் பெயரைக் கொடுக்க வேண்டும்.

செயலாளர்