எதற்குப் பயப்படுவது, சிவா?

கொழும்பு 6
2025 ஜூன் 14

அன்புள்ள சிவா,

உன் மின்னஞ்சலை மூன்று தடவை வாசித்தேன். ஜூலைக் கடைசியில் பிள்ளைகளோடு வருகிறாய் என்ற முதல் பந்தியை வாசித்து நான் எழுந்து போய் மனைவியைக் கூப்பிட்டேன். இரண்டாவது பந்தியை அவளுக்கு வாசித்துக் காட்டும்போது குரல் இறங்கிவிட்டது. சீனாவின் கையில் அம்பாந்தோட்டைத் துறைமுகம் இருக்கிறது, இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு வரைக்கும் போய்விட்டன, இலங்கை முழுவதும் ஒரே நாளில் இருண்டதற்குப் பின்னால் வெளிநாட்டுக் கை இருக்கிறதாம், டிக்கெட்டை ரத்துச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய்.

வா, சிவா. கட்டாயம் வா. ஆனால் ஒரு வரியில் அப்படி எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. உன் பயத்தை நான் மதிக்கிறேன். அதோடு உனக்கு வேறு சில பயங்களும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மார்ச் மாதம் ஓய்வு பெற்றுவிட்டேன். மனைவிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மகள் மாது வேலைக்குப் போகிறாள். ராமகிருஷ்ண வீதியில் நீங்கள் இருந்த வீட்டை உடைத்துத் தொடர்மாடி கட்டிவிட்டார்கள். ஜம்பு மரமும் போய்விட்டது. வரும்போது அந்தப் பக்கம் போகவேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இனி அந்த மின்தடை. பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணி கடந்து சற்று நேரத்தில் மின்சாரம் நின்றது. எங்கள் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நுரையீரல் நோயாளி. ஒட்சிசன் இயந்திரத்தோடுதான் பகலும் இரவும். வழக்கமாக மின்சாரம் போனால் கட்டடத்து ஜெனரேட்டர் அரை நிமிடத்தில் உறுமத் தொடங்கும். அன்று உறுமவில்லை. டீசல் இல்லை. அவருடைய மேலதிக சிலிண்டர் கீழே வாகனத் தரிப்பிடத்து அறையில் இருந்தது. நாங்கள் நான்கு பேர் அதைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏறினோம். நான்காம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க இறக்கி வைத்தபோது, ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டினார். மின்கட்டமைப்பின் கணினிகளுக்குள் வேற்று நாடொன்று புகுந்துவிட்டது என்று வட்ஸ்அப்பில் வந்திருந்தது. அந்தப் படிக்கட்டில் நின்றபடியே, அது எந்த நாடு என்று இரண்டு பேர் விவாதிக்கத் தொடங்கிவிட்டார்கள். சிலிண்டர் எங்கள் காலடியில் இருந்தது. மேலே அவருடைய மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய பஞ்சாங்கத்தால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் அறிவித்தார். உலகமே சிரித்தது. இங்கே பலர் நம்பவில்லை. இவ்வளவு பெரிய இருட்டுக்கு இவ்வளவு சிறிய காரணமா என்று மனம் ஒப்பவில்லை. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் பின்னர் விளக்கியது எனக்கு விளங்கியது. ஞாயிறு நண்பகலில் நாட்டின் மின்தேவை குறைவு. கூரைகளில் இருக்கும் சூரியத் தகடுகளில் இருந்து வரும் மின்சாரமோ அந்த நேரத்தில் மிக அதிகம். அதனால் மின்நிலையங்களின் பாரமான சுழலிகள் குறைவாகவே சுற்றிக்கொண்டிருந்தன. கனமான பம்பரம் சுற்றும்போது ஒரு தட்டுத் தட்டினால் ஆடிவிட்டு நிமிரும். இலேசான பம்பரம் விழுந்துவிடும். அன்று நம்முடைய கட்டமைப்பு இலேசான பம்பரமாக இருந்தது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் நின்றுபோனது. அதை மறுபடி எழுப்ப நாள்கள் பிடித்தன. அடுத்த நாள்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு இருந்தது.

குரங்கை விட்டுவிடு. ஒரு குரங்கால் விழக்கூடிய கட்டமைப்பை வைத்திருக்கிறோம் என்பதுதான் நாட்டுக்கு ஆபத்து. எங்கள் கட்டடத்துக்கு ஆபத்து, டீசல் இல்லாத ஜெனரேட்டர். இரண்டையும் பற்றி ஒருவரும் வட்ஸ்அப்பில் எழுதவில்லை. நாம் ஆபத்து எங்கே என்று தேடுவதற்கு முன்பே ஆள் யார் என்று தேடத் தொடங்கிவிடுகிறோம், சிவா. முப்பத்தொரு வருடம் மோட்டார் காப்புறுதிப் பிரிவில் இருந்து நான் கண்டது இதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பில், அமெரிக்க உளவியலாளர் போல் ஸ்லோவிக் 1987இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் படிக்கத் தந்தார்கள். முப்பது ஆபத்துகளை வரிசைப்படுத்தச் சொன்னபோது, சாதாரண மக்களில் ஒரு பகுதியினரும் மாணவர்களும் அணுமின்சாரத்தை முதலாம் இடத்தில் வைத்தார்கள். நிபுணர்கள் அதை இருபதாம் இடத்தில் வைத்து, மோட்டார் வாகனத்தை முதலாவதாக எழுதினார்கள். மக்கள் மடையர்கள் என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. புதிதாக இருப்பது, கண்ணுக்குத் தெரியாதது, நம் கைக்குள் அடங்காதது, ஒரே அடியில் பலரைக் கொல்லக்கூடியது ஆகியவை நம்மை உலுக்குகின்றன. பழகிப்போனது உலுக்குவதில்லை. 2019இல் யாழ்ப்பாணத்தில் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்களுக்கு எதிராகச் சனம் தெருவில் இறங்கியது உனக்கு நினைவிருக்கும். கதிர்வீச்சு என்ற சொல் ஒன்றே போதுமாக இருந்தது. அந்தக் கம்பங்களைக் கடந்து தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராகப் போவதைக் கண்டு ஒருவரும் பதறவில்லை.

கடந்த மே மாதத்தை எடுத்துக்கொள். இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய அந்த நான்கு நாள்களும் வெள்ளவத்தையில் தேநீர்க் கடையில்கூட எல்லோரும் கைத்தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமானங்கள் எரிந்து விழும் காட்சிகளில் சில கணினி விளையாட்டில் இருந்து எடுத்தவை. அவற்றைப் பார்த்துக் கைதட்டியவர்களும் உண்டு. 10ஆம் திகதி மோதல் நிறுத்தம் அறிவித்தார்கள். மறுநாள், வெசாக்குக்கு முதல் நாள், விடியற்காலையில் கொத்மலையில் ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு நாள் பேசினார்கள். பிறகு பேச்சு ஓய்ந்துவிட்டது. இந்த நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். ஒவ்வொரு நாளும் ஆறேழு வீடுகளில் சாவு என்று கணக்குப் போட்டுப் பார்.

என் மேசைக்கு வந்த கோப்பு ஒன்றை உனக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி. கட்டுநாயக்கவில் இருந்து நள்ளிரவில் புறப்பட்ட வேன். அதிகாலை நான்கு மணிக்குச் சாரதி கண்ணயர்ந்துவிட்டார். புகைப்படங்களில் ஒன்றில், பின் இருக்கைக்கு அடியில் ஒரு சிறு செருப்பு. வார் அறுந்து, ஊக்கு குத்தி வைத்த செருப்பு. வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளையின் செருப்பு அல்ல அது; அழைத்துப்போக ஊரில் இருந்து ஆசையோடு வந்த பிள்ளையுடையது. பிள்ளை உயிரோடு இல்லை என்று கோப்பில் இருந்தது. அன்று பின்னேரம் நான் வேலையை முடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்காக உன் அணுகுண்டுப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. அதில் உனக்கு இருக்கும் பயம் போதாது என்றே சொல்வேன். உலகில் இன்றும் 12,000க்கும் மேற்பட்ட அணுகுண்டுகள் இருக்கின்றன. 1983இல், நாம் அகதி முகாமில் இருந்து வெளியே வந்து இரண்டு மாதம் ஆகாத நிலையில், செப்டெம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கை நிலையத்தில் இரவுப் பணியில் இருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரிக்கு, அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டது என்று கணினி காட்டியது. ஒரு போரை ஐந்து ஏவுகணைகளோடு யாராவது தொடங்குவார்களா என்று அவர் யோசித்தார். பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்கு அறிவித்தார். மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் படித்திருந்தது. கெட்ட மனிதர் எவரும் அந்தக் கதையில் இல்லை. நான் பயப்படுவது அந்த மாதிரி இரவுக்கு. அதற்கு உன் டிக்கெட்டை ரத்துச் செய்து பயன் இல்லை, நீ ரொறொன்ரோவில் இருந்தாலும் அது உன்னைத் தேடி வரும்.

துறைமுகம். 2017 ஜூலை 29ஆம் திகதி அம்பாந்தோட்டை ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த வாரம் எனக்கு மிக நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் மாது டெங்குக் காய்ச்சலில் கிடந்தாள். குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை காலையும் மாலையும் இறங்கிக்கொண்டே போனது. ஒரு கட்டிலில் இரண்டு பேர். வார்டு நிரம்பி வழிந்தது. சுவரில் இருந்த தொலைக்காட்சியில் துறைமுகம், துறைமுகம், துறைமுகம். நோயாளிகளின் உறவினர்கள் எல்லோரும் அதையே பேசினார்கள். அந்த வருடம் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. 440 பேர் இறந்தார்கள். மாது பிழைத்தாள். வீட்டுக்கு வந்து நான் எல்லா இடமும் தேடினேன். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், நீர் வடியும் தட்டில், நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. என் சமையலறையில், மகள் படுக்கும் அறையில் இருந்து பன்னிரண்டு அடி தூரத்தில்.

துறைமுகம் பற்றி நீ நம்புவதிலும் ஒரு திருத்தம் உண்டு. கடனைக் கட்ட முடியாததால் சீனா துறைமுகத்தைப் பறித்துக்கொண்டது என்றுதான் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். நடந்தது வேறு. 99 வருடக் குத்தகைக்கு ஒரு சீன நிறுவனம் 112 கோடி டொலர் கொடுத்தது. அந்தப் பணம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. துறைமுகம் கட்ட வாங்கிய கடன் அப்படியே நம் தலையில்தான் இருந்தது. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தபோது, வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சர்வதேச இறையாண்மைப் பிணைமுறிகள், அதாவது வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் கடன் வாங்க அரசு விற்ற பத்திரங்கள். சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. சீனக் கடன் நல்ல கடன் என்று நான் வாதாட வரவில்லை. முதல் கட்டத்துக்கு 6.3 வீத வட்டி. தேவையும் இலாபமும் பார்க்காமல் கட்டிய துறைமுகம். ஆனால் பிணைமுறிக்கு முகம் இல்லை, கொடி இல்லை, கப்பல் இல்லை. அதனால் 2007இல் அது தொடங்கியது முதல் பதினைந்து வருடம் நாம் அதைப் பார்க்கவே இல்லை. எரிவாயு வரிசையில் நின்றபோதுகூட என் பக்கத்தில் நின்றவர் துறைமுகத்தைத்தான் திட்டினார்.

இதை இவ்வளவு கோபமாக ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். இன்னொரு ஜூலை 29 இருக்கிறது அல்லவா. 1983, வெள்ளிக்கிழமை. ஊரடங்கு தளர்ந்தது, கந்தோர் திறந்தது என்று உன் பெரியப்பா கோட்டைக்குப் புறப்பட்டார். முகாம் வாசலில் வேட்டியை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டதை நாம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தி அன்று காலை பரவியது. ஒரு புலியும் வரவில்லை. பயந்தவர்கள் ஓடினார்கள், ஓடியவர்களைக் கண்டு இன்னும் பலர் பயந்தார்கள், பிறகு கையில் அகப்பட்ட தமிழர்களைக் கொன்றார்கள். அவர்கள் கணக்கில் உன் பெரியப்பா ஓர் ஆபத்து. ஐம்பத்தாறு வயது, நீரிழிவு, சட்டைப்பையில் பேனா.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த கட்டியைக் காட்டி, சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று கத்தினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் சோதித்துவிட்டு அது வெறும் மாக்கட்டி என்றார். சோற்றில் போட்டால் மனிதனை மலடாக்கும் மாத்திரை உலகத்தில் எங்குமே இல்லை. சில நாள்களில் கண்டிப் பக்கம் திகனயில் வேறொரு மரணத்தைச் சாட்டாக வைத்து வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, இந்த மாத்திரைக் கதையும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. நம் தமிழர் சிலரும் அதை எனக்கு அனுப்பினார்கள். 83ஐக் கண்ட மனிதர்கள், சிவா. அன்றைக்கு நான் அழுதேன்.

ஆகவே பிள்ளைகளோடு வா. ஆனால் விமான நிலையத்தில் இருந்து இரவோடு இரவாக வேனில் யாழ்ப்பாணம் போகும் யோசனையை விடு. நம் வீட்டில் இரண்டு இரவு தங்கி நன்றாகத் தூங்குங்கள். பிறகு காலை ரயிலில் போகலாம், நான் டிக்கெட் எடுத்து வைக்கிறேன். வேன் பிடிக்கும் இடத்தில் பின் இருக்கைக்கும் பட்டி இருக்கிறதா என்று நானே பார்ப்பேன். பகலில் பிள்ளைகளுக்கு நீண்ட கைச் சட்டை போட்டுவிடு, நுளம்புக்குப் பூசும் களிம்பு கொண்டுவா. கடலில் உயிர்காப்பாளர் இல்லாத இடத்தில் இறங்க விடாதே.

ஆசிரியர் இன்னும் இருக்கிறார். போன வாரம் தன் கையால் எனக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். ஜெனரேட்டருக்கு இப்போது மாதம்தோறும் முதல் சனிக்கிழமை நானும் கீழ்மாடிப் பெடியனும் போய்க் குச்சி விட்டு டீசல் அளக்கிறோம், பத்து நிமிடம் ஓட விட்டுப் பார்க்கிறோம். நீ வருகிற நேரம் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை இருந்தால் உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் பெரியப்பாவின் படம் ஒன்று அம்மாவின் பெட்டிக்குள் கிடைத்தது. காலிமுகத்திடலில் நம் இருவருக்கும் கடலை வாங்கித் தந்துவிட்டு நிற்கிறார். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. வந்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
கணேசன்