கும்டா அதிகாரிகளுக்கு, திருவொற்றியூரிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தில் (கும்டா) இருக்கும் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும் வணக்கம்.

எங்கள் பகுதியில் ஒரு மெட்ரோ நிலையத்துக்கே டோல்கேட் என்றுதான் பெயர். நகருக்குள் நெரிசல் கட்டணம், அதாவது கூட்ட நேரத்தில் ரோட்டுக்குள் வரும் வண்டியிடம் காசு வாங்குவது, என்று யாராவது பேச்செடுத்தால் "இன்னொரு டோல்கேட்டா?" என்று இங்கே எல்லாரும் பதறுகிறார்கள். நான் கட்டணமே கூடாது என்று எழுதவில்லை. இப்போது காசு வாங்குகிற இடமும் வாங்காத இடமும் தலைகீழாக இருக்கின்றன, அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வாரம் காலை எட்டரை மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அசையாமல். ஒரு டிரைவர் வண்டி நிழலில் ஸ்டவ்வைப் பற்றவைத்து சோறு வடித்துக்கொண்டிருந்தார், அவர் முகத்தைப் பார்த்தாலே ராத்திரியிலிருந்து நிற்கிறார் என்று தெரிந்தது. எங்கள் பஸ்ஸில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இதே டிரெய்லர் ஊரைச் சுற்றி வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் போனால் சுங்கம் கட்ட வேண்டும். ஊருக்குள் எங்கள் தெருமுனை வழியாகப் போனால் ஒரு பைசா கிடையாது! சென்னை பைபாஸில் இருக்கிற சூரப்பட்டு சுங்கச்சாவடியிலும் விடியற்காலை மூன்று மணிக்கு என்ன கட்டணமோ அதேதான் காலை ஒன்பது மணிக்கும். அது ரோடு போட்ட காசை வசூலிக்கிற கட்டணம், சரி. ஆனால் அது எந்த வண்டியையும் வேறு நேரத்துக்கோ வேறு வழிக்கோ தள்ளாது.

நெரிசலைக் குறைக்கிற கட்டணம் வேறு மாதிரி. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரியிலிருந்து ஜூலை வரை சோதனையாக வைத்தார்கள். காலை மாலை உச்ச நேரத்தில் 20 குரோனர் (அந்த நாட்டுப் பணம்), மற்ற பகல் நேரத்தில் அதைவிடக் குறைவு, இரவிலும் வாரக் கடைசியிலும் இலவசம். கட்டணப் பகுதியின் எல்லையைத் தாண்டுகிற வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன, சோதனை முடிந்ததும் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. அப்புறம் மக்களிடம் வாக்கெடுத்து 2007 ஆகஸ்டில் நிரந்தரமாக்கினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: கட்டணம் தொடங்குவதற்கு முன்பே, 2005லேயே, ஏறக்குறைய 200 புதிய பஸ்களை விட்டுவிட்டார்கள். லண்டனிலும் 2003ல் கூடுதல் பஸ்களோடுதான் ஆரம்பித்தார்கள், பைக்குக்கு அங்கே கட்டணமே இல்லை, மிஞ்சிய பணத்தைப் போக்குவரத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று சட்டமும் இருந்தது. சில வருடம் கழித்து அங்கே நெரிசல் மறுபடி ஏறியது உண்மைதான், ரோட்டைத் தோண்டுகிற வேலைகளும் அதற்கு ஒரு காரணம். எதையும் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிட முடியாது.

அதனால் கேட்கிறேன். உச்ச நேரத்தில் எண்ணூர் விரைவுச் சாலைக்குள் வரும் டிரெய்லருக்கு மட்டும் கட்டணம் வையுங்கள், இரவில் இலவசமாக விடுங்கள், வெளிவட்டச் சாலையில் அவற்றுக்குச் சுங்கத்தைக் குறையுங்கள். அந்தக் காசு சரக்கு அனுப்புகிறவரிடமிருந்து வர வேண்டும், சோறு வடிக்கிற டிரைவரின் தினப்படியிலிருந்து அல்ல. துறைமுக வாசலில் சோதனை வேகமாக நடக்காவிட்டால் எந்தக் கட்டணமும் உதவாது, ஆகவே எந்த வண்டி எந்த மணிக்கு வரலாம் என்று முன்கூட்டியே நேரம் ஒதுக்கித் தர துறைமுகத்துக்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிப் போகிற குட்டி வண்டி, ஷேர் ஆட்டோ, பைக் எதையும் தொடாதீர்கள். முதல் ரூபாய் வாங்குவதற்கு முன்னால் எங்களுக்குப் பஸ் வர வேண்டும்.

மூன்று மாதம் சோதித்துப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு எல்லையம்மன் கோயில் பக்கம் எத்தனை டிரெய்லர் நிற்கிறது என்று முன்னும் பின்னும் எண்ணுங்கள். எண்ண ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்கள் தெருவிலிருந்தே வருகிறோம்.