சம்பளம் கேட்பவர்கள் போரைப் பற்றியும் பேசுவார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்க அரசியல் கட்டுரையின் ஒரு வரி இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "கூலி உயர்வு கேட்பவர்களுக்கு வெளியுறவுக் கொள்கையில் என்ன வேலை?" என்று கேட்டிருந்தார் கட்டுரையாளர். முற்போக்கு இயக்கங்கள் குறைந்தபட்சக் கூலியோடு நின்றிருந்தால் ஜெயித்திருக்குமாம். போர் எதிர்ப்பையும் இழுத்துப் போட்டுக்கொண்டதால்தான் ஜனங்கள் ஒதுங்கிவிட்டார்களாம்.

2021 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில், மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலிக்கான திருத்தம் 42க்கு 58 என்று விழுந்தது. அதில் போரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ட்ரம்ப் ஜெயித்த ஃபுளோரிடாவிலேயே நூற்றுக்கு அறுபது பேர் 15 டாலருக்கு ஆதரவாக வாக்களித்திருந்தார்கள். அப்படியிருக்க ஒதுங்கியது யார்? ஜனங்களா, செனட்டா? இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரியை விட்டுவிட்டீர்களே என்பதுதான் வருத்தம்.

கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் அவர் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசினார். ஏழைகளுக்குப் போக வேண்டிய பணத்தையும் ஆட்களையும் போர் உறிஞ்சிவிடுகிறது என்பதுதான் அவர் சொன்ன முதல் காரணம். மூன்றே நாளில் 'டாக்டர் கிங்கின் பிழை' என்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதியது. அடுத்த வருடம் அதே ஏப்ரல் 4 அன்று, மெம்ஃபிஸில் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கப் போன இடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சம்பளத்துக்காகப் போனவரும் போரை எதிர்த்தவரும் ஒரே ஆள்தான்.

நான் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். இங்கே குறைந்தபட்சக் கூலி இன்றைக்கும் மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009 ஜூலையில் நாடு முழுவதற்கும் நிர்ணயித்த தொகை அது. ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குப் போனால் இதைப் போல இரண்டு மடங்கு. இங்கும் கூலியை உயர்த்தச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. அட்டையும் பேனாவுமாக வாசலில் நிற்கும்போது மனிதர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது கட்டுரையாளருக்குத் தெரிந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். கூலியைப் பற்றித்தான் ஆரம்பிப்போம். இரண்டாவது நிமிடத்தில் அவர்களே போருக்கு வந்துவிடுவார்கள். ஒருவருக்குத் தம்பி ஆப்கானிஸ்தான் போய் வந்திருப்பான், இன்னொருவருக்கு மகன் பட்டாளத்தில் சேர்ந்தால்தான் கல்லூரிக்கு வழி.

எங்களோடு வரும் ஒரு பெண் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். இரண்டும் சின்னக் குழந்தைகள். 2021 ஜூலையிலிருந்து குழந்தைக்கு 300 டாலர் வீதம் மாதா மாதம் 15ஆம் தேதி வாக்கில் அரசிடமிருந்து வந்துகொண்டிருந்தது. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த காரின் பிரேக்கை அதில்தான் மாற்றினார். குழந்தைகளுக்குக் குளிர்காலச் சப்பாத்துகள் வாங்கினார். கடைசித் தவணை டிசம்பர் 15 அன்று வந்தது. அதே டிசம்பர் 15 அன்று செனட் ஏறக்குறைய 76,800 கோடி டாலர் ராணுவச் செலவு மசோதாவை 88க்கு 11 என்று நிறைவேற்றியது. அதிபர் கேட்டதைவிடச் சுமார் 2,500 கோடி கூடுதலாகவே கொடுத்தார்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கத்தான் காசில்லை என்றார்கள். 2021இல் 5.2 சதவீதமாக இறங்கியிருந்த குழந்தை வறுமை மறு வருடமே 12.4க்கு ஏறிவிட்டது. ஐயா, அந்தப் பெண்ணிடம் போய் 'உனக்கு வெளியுறவுக் கொள்கையில் என்ன வேலை' என்று உங்கள் கட்டுரையாளர் கேட்பாரா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நெடுநாளாக மனதில் இருப்பது. 2003 பிப்ரவரி 15 அன்று, இராக் போர் வேண்டாம் என்று உலகமெங்கும் மக்கள் தெருவுக்கு வந்த நாளில், நியூயார்க்கில் நானும் இருந்தேன். ஊர்வலம் போக அனுமதி இல்லை, கூடி நிற்கத்தான் விட்டார்கள். அந்தக் கடுங்குளிரில் போலீஸ் தடுப்புகளுக்குப் பின்னால் சிக்கி, மேடை இருந்த தெருவுக்கே போக முடியாமல் எத்தனையோ பேர் நின்றோம். அப்போது உங்கள் இதழ் ஒரு சின்னப் படம் போட்டது, அவ்வளவுதான். அடுத்த மாதம் குண்டுவீச்சு தொடங்கியதும் அட்டைப்படமே போர் விமானம்தான். பேரழிவு ஆயுதங்கள் இருந்தால் காட்டுங்கள் என்று நாங்கள் கேட்டோம், கடைசிவரை யாரும் காட்டவில்லை. அதற்குப் பிறகாவது அந்தக் கூட்டத்தைப் பற்றி நாலு வரி வந்திருக்கலாம். நான் எழுதிய கடிதத்தைப் போட்டீர்கள், நன்றி. ஆனால் பாராட்டிய பத்தியை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டீர்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தில் ராணுவ மசோதாவோ கூலி மசோதாவோ வாக்கெடுப்புக்கு வரும்போது, எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். இந்திய வம்சாவளி உறுப்பினர்களின் வெற்றியைப் பக்கம் பக்கமாகக் கொண்டாடுகிறீர்களே, அவர்கள் பெயர்களாவது அதில் இருக்கட்டும். எல்லாம் பொதுவில் கிடைக்கும் பதிவுகள்தான்.

இந்தக் கடிதத்தையும் சுருக்க வேண்டியிருந்தால் கிங்கைப் பற்றிய பத்தியை எடுத்துவிடுங்கள், அவரை எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் 15 பத்தியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பென்சில்வேனியா