80 சதவீதத்தில் மிச்சம் எவ்வளவு?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன், அதனால்தான் தாமதம். இப்போது நன்றாக இருக்கிறார். பேப்பரில் வரும் வரி விளம்பரத்தைக்கூட விடாமல் படித்து எங்களுக்கும் சொல்கிறார்.

உன்னைக் கெபாசிட்டி பிளானிங்கில், அதாவது எவ்வளவு லோடுக்கு எத்தனை சர்வர் வேண்டும் என்று கணக்குப் போடும் வேலையில், போட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். க்யூயிங் தியரி (வரிசையில் காத்திருப்பதைப் பற்றிய கணிதம்) கணக்கை என் நோட்டைப் பார்த்து எழுதியவனாயிற்றே நீ! “சர்வர் 80 சதவீதம்தானே ஓடுகிறது, இன்னும் 20 இருக்கிறதே, ஏன் ஸ்லோ?” என்று மேனேஜர் குடைகிறார் என்கிறாய். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான்.

ஒரு ரிக்வெஸ்டை முடிக்க சர்வருக்கு ஆகும் நேரம் சர்வீஸ் டைம். அது சராசரியாக 40 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள். நொடிக்கு 20 வந்தால் 800 மில்லிசெகண்ட் வேலை. அதுதான் 80 சதவீத யூட்டிலைசேஷன். ஆனால் ரிக்வெஸ்ட்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை. நாலு சேர்ந்தாற்போல் வரும், அப்புறம் கொஞ்ச நேரம் ஈ ஓட்ட வேண்டியதுதான். சும்மா இருந்த நேரத்தை எடுத்துவைத்துப் பின்னால் செலவழிக்க முடியுமா? அங்கேதான் க்யூ பிடிக்கிறது. க்யூவில் நின்ற நேரமும் சேர்ந்ததுதான் ரெஸ்பான்ஸ் டைம்.

ஒரே சர்வர், முன்பின்னாக வரும் வரவு, சர்வீஸ் டைமும் அதேபோல் கூடக்குறைய இருக்கும் என்றால் கணக்கு எளிது: சராசரி சர்வீஸ் டைமை மிச்சமிருக்கும் பங்கால் வகு. 40ஐ 0.2ஆல் வகுத்தால் 200 மில்லிசெகண்ட். வரவு நொடிக்கு 22.5 ஆனால் 90 சதவீதம், ரெஸ்பான்ஸ் 400. லோடு ஏறியது எட்டில் ஒரு பங்கு; ரெஸ்பான்ஸ் டைம் இரண்டு மடங்கு! 95 சதவீதத்தில் 800. கோர் (சர்வருக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதி) நிறைய இருந்தால் இவ்வளவு சீக்கிரம் ஏறாது, ஆனால் அதே வளைவுதான்.

இதெல்லாம் கம்ப்யூட்டருக்கு முந்தைய சங்கதி. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த எர்லாங் 1909லேயே போன் அழைப்புகளை வைத்து இந்த மாதிரிக் கணக்கு போட்டிருக்கிறார். 1961ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிரூபித்தது எனக்கு இன்னும் பிடிக்கும்: வரும் வேகத்தை உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கினால், சராசரியாக உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை. நொடிக்கு 20, ஆளுக்கு 0.2 நொடி, ஆக உள்ளே 4. லோட் டெஸ்ட் (வேண்டுமென்றே லோடு ஏற்றிப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் உள்ளே 40 என்று இருந்தால் ஏதோ ஒரு எண் பொய் சொல்கிறது. யார் எவ்வளவு அழகாக கிராஃப் போட்டுக் கொடுத்தாலும் நான் முதலில் இந்தப் பெருக்கலைத்தான் போட்டுப் பார்ப்பேன்.

நான் சறுக்கியது வேறு இடத்தில். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், காலை 10 மணிக்கு ஒரு புக்கிங் திறக்கும். சிபியு கிராஃப் 60 சதவீதம் காட்டியது. தைரியமாகக் கையெழுத்துப் போட்டேன். திறந்த அன்று போன் மேல் போன். அந்த 60, ஐந்து நிமிடச் சராசரி. முதல் நிமிடம் 100, மீதி நான்கும் 50. கூட்டி ஐந்தால் வகுத்துப் பார், 60தான் வரும். அந்த ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சராசரியைச் சொல்லியா சமாதானப்படுத்துவது? அன்றிலிருந்து 99ஆம் பெர்சென்டைலை, அதாவது நூற்றில் 99 ரிக்வெஸ்ட் எவ்வளவு நேரத்துக்குள் முடிகிறது என்பதை, பார்க்காமல் நான் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

உன் மேனேஜர் காட்டும் 80ம் எத்தனை நிமிடச் சராசரி என்று கேட்டு எழுது. பொங்கலுக்கு வருகிறாய்தானே? ஒரு நிமிட கிராஃப் கிடைத்தால் கையோடு கொண்டு வா. சுகுணாவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்