கூலி வசனங்களையும் பிரசங்கியுங்கள்: கிருஷ்ணகிரி, தருமபுரி சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஊழியம் செய்யும் ஆயர்களுக்கும் போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும், சபைக் கமிட்டியிலும் பங்குப் பேரவையிலும் பொறுப்பில் இருக்கும் மூப்பர்களுக்கும், கிறிஸ்துவுக்குள் அன்பின் வணக்கம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுக்கிறீர்கள். அதில் அடிக்கடி வரும் வேத வசனம் உபாகமம் 28:13. கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார். வீட்டுச் சுவரில், கடைக் கல்லாவுக்கு மேலே, வேன் கண்ணாடியில் என்று எங்கும் அதைப் பார்க்கிறோம். ஆனால் இன்று நான் விதிக்கிற கட்டளைகளைக் கைக்கொண்டு அவற்றின்படி நடந்தால் என்ற நிபந்தனையும் அதே வசனத்தில் இருக்கிறது. அந்தப் பாதி அட்டையில் வருவதில்லை.

எந்தக் கட்டளைகள் என்று தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். நான்கு அதிகாரம் முன்னால் புரட்டினால் 24:14, 15 இருக்கிறது. ஏழைக் கூலிக்காரனை ஒடுக்காதே, அவன் உன் சகோதரனானாலும் சரி, உன் ஊரில் இருக்கும் அந்நியனானாலும் சரி. வேலை செய்த அன்றைக்கே, பொழுது போவதற்கு முன்னே, அவன் கூலியைக் கொடுத்துவிடு. கொடுக்காவிட்டால் அவன் கர்த்தரிடம் முறையிடுவான், அது உனக்குப் பாவமாக இருக்கும். சிறுவயதிலிருந்து கோயிலுக்குப் போகிறேன். இந்த வசனத்தை வைத்து ஒரு ஞாயிறு பிரசங்கம் நான் கேட்டதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண். மாங்கூழ் தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் மாங்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனவர். சீசன் முடிந்தும் கடைசி வாரங்களின் கூலி வரவில்லை. அந்த ஒப்பந்தக்காரர் நம் விசுவாசி, வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். அந்தப் பெண் கிறிஸ்தவர் இல்லை. "உங்க சாமியக் கும்புடறவருதானே அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று என்னிடம் கேட்டார். நான் சபை மூப்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "இது தொழில் விஷயம்மா, இதைச் சபைக்குள்ள கொண்டு வராதீங்க" என்றார்.

தொழில் விஷயத்துக்கு நம் வேதம் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக என்ற கட்டளை அதே அதிகாரத்தின் 18-ஆம் வசனம். இயேசு எடுத்துச் சொன்ன அந்த அன்பு, கூலிக் கணக்குக்கு ஐந்து வசனம் தள்ளித்தான் எழுதப்பட்டிருக்கிறது. திராட்சத்தோட்ட உவமையில் சாயங்காலமானதும் எஜமான் தன் காரியக்காரனை அழைத்து எல்லோருக்கும் கூலி கொடுக்கச் சொல்கிறான். அன்றைய கூலி அன்றைக்கே என்பதை இயேசு அங்கே விளக்கவும் இல்லை, கேட்டவர்களுக்கு அது தெரிந்திருந்தது. அப்புறம் யாக்கோபு 5:4. பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறதாம், அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருடைய செவியில் விழுகிறதாம். வசனத்தைக் கேட்கிறவர்களாக மாத்திரம் இருக்காதீர்கள், அதன்படி செய்கிறவர்களாயும் இருங்கள் என்று முதல் அதிகாரத்தில் எழுதிய அதே யாக்கோபுதான் இதையும் எழுதுகிறார்.

ஒரு வாரம் கூலி தள்ளிப்போனால் நம் ஊர் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் கேட்க வேண்டும். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பறிக்கப் போகிறவர்கள், தை மாசி பங்குனியில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பெண்கள், தளி, கெலமங்கலம் பக்கம் ரோஜாத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், பெங்களூரில் சித்தாள் வேலைக்கு வாரக்கணக்கில் தங்குகிறவர்கள், இவர்களில் பலருக்குச் சனிக்கிழமைதான் கூலி. அதை நம்பித்தான் சந்தை. திங்கட்கிழமை தருகிறேன் என்று சொன்னால் அந்த வாரச் சந்தை போச்சு, மளிகைக் கடையில் கடன் ஏறுகிறது. குழுக் கடன் தவணை நாளில் வசூலுக்கு வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். ஒருத்தி கட்டவில்லை என்றால் குழுவில் இருக்கும் மற்ற பெண்களும் கலைந்து போக முடியாது. எல்லோர் முன்னாலும் அவள் தலைகுனிந்து நிற்க வேண்டும், இல்லை பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்க வேண்டும், இல்லை காதில் கிடப்பதைக் கழற்ற வேண்டும். கூலி கொடுக்க வேண்டியவருக்கு அது இரண்டு நாள் தாமதம். அவளுக்கு அது வட்டி. அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் ஆவலாயிருக்கிறான் என்று உபாகமம் காரணம் சொல்வது இதைத்தான்.

முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவதைப் பற்றியும் பேசுங்கள். கொத்தடிமை முறை 1976-லேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனாலும் கடனுக்கு ஈடாக ஏழையின் ஆதார் அட்டையையும் ஏடிஎம் கார்டையும் வாங்கி வைத்துக்கொள்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அடகு வாங்கிய மேலாடையைச் சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடு, அவன் எதைப் போர்த்துப் படுப்பான் என்று யாத்திராகமம் 22-இல் கர்த்தர் கேட்கிறார்.

கூலி கொடுப்பவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. மேலே பில் பாஸ் ஆகவில்லை, மாங்காய் விலை விழுந்துவிட்டது, கட்டடத்துக்காரர் இழுத்தடிக்கிறார். உண்மைதான். ஆனாலும் ஒப்பந்தக்காரரால் நான்கு பேரிடம் பணம் புரட்ட முடியும். புளி தட்டுகிற பெண்ணுக்கு அந்த வழி கிடையாது. பாரத்தைத் தாங்க முடிந்தவர் தாங்கட்டும். அதுவும் முடியாத நிலை வந்தால், வேலைக்குக் கூப்பிடும்போதே சொல்லிவிடலாம். உள்ளதை உள்ளது என்று சொல்வதும் கர்த்தர் கேட்டதுதானே.

கிரியைகளால் இரட்சிப்பு இல்லை, கிருபையால்தான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கும் அதே விசுவாசம்தான். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு வீட்டுக்கு இயேசு போனார். சகேயு எழுந்து, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னது அதற்கு அப்புறம். கிருபை ஒரு வீட்டுக்குள் வந்தால் கணக்கு நோட்டு வரைக்கும் போகும்.

இப்போது சபையைப் பற்றி. சபையும் ஒரு முதலாளி. கோயில் கட்டுகிற கொத்தனார், சித்தாள், பெருக்குகிற அம்மா, இரவுக் காவலுக்குப் படுக்கிற தாத்தா, பள்ளி நடத்தும் இடங்களில் ஆசிரியர்கள், ஆயா, எல்லோரும் நம்மிடம் கூலி வாங்குகிறவர்கள். "ஊழியம்தானே" என்று சொல்லி அவர்கள் சம்பளத்தைக் குறைப்பதும், காணிக்கை குறைந்த மாதம் முதலில் அவர்களை நிறுத்தி வைப்பதும் நம் இடங்களில் நடக்கிறது. அயலானைச் சும்மா வேலைவாங்கி, கூலி கொடாமல் வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ என்கிறது எரேமியா 22:13. அது யோயாக்கீம் ராஜாவுக்குச் சொல்லப்பட்டது. அடுத்த வசனங்களில் அவன் தகப்பன் யோசியாவைப் பற்றிக் கர்த்தர் பேசுகிறார். அவன் நியாயமும் நீதியும் செய்தான், சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான், அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு என்கிறார். கோபுரத்துக்கும் புது மைக் செட்டுக்கும் நிதி திரட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த அதிகாரத்தை வாசியுங்கள்.

நம்மிடம் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் இல்லை. ஓசூர்ப் பக்கம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நம் மொழிகூடத் தெரியாது. உன் வாசல்களில் இருக்கும் அந்நியன் என்று மோசே சொன்னது அவர்களைத்தான். ரூத் புத்தகத்தில் வரும் நிலக்காரன் போவாஸ், தன் வயலுக்கு வந்ததும் அறுக்கிறவர்களைப் பார்த்து, கர்த்தர் உங்களோடேகூட இருப்பாராக என்றான். மோவாப் தேசத்திலிருந்து வந்த அந்நியப் பெண்ணான ரூத்தையும் சாப்பாட்டு வேளையில் கூட உட்கார வைத்தான். அந்த வயலில் கர்த்தர் எப்படிப்பட்டவர் என்று ரூத்துக்கு யாரும் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கவில்லை.

நான் கேட்பது இதுதான். மாங்காய் சீசனுக்கு முன்னால், சித்திரையிலேயே, ஒரு ஞாயிறு இந்த வசனங்களை எடுத்துப் பிரசங்கியுங்கள். இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் சபை யாருக்கெல்லாம் சம்பளம் பாக்கி வைத்திருக்கிறது என்பதை முதல் பொருளாக எழுதி, மற்றச் செலவுக்கு முன் அதைத் தீருங்கள். நம் விசுவாசி கூலி தரவில்லை என்று எந்த மதத்துக்காரர் வந்து சொன்னாலும் உட்கார வைத்துக் கேட்க இரண்டு மூப்பர்களை நியமியுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வீட்டு வேலை செய்பவரின் சம்பளத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்று பெண்கள் ஐக்கியத்தில் நாங்கள் பேசிக்கொள்வோம், அதை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

ஞாயிறு பள்ளியில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரும் மாதம் லேவியராகமம் 19:13-ஐ மனப்பாட வசனமாகக் கொடுக்கப் போகிறேன். அவர்களில் மேஸ்திரி வீட்டுப் பிள்ளைகளும் உண்டு, சித்தாள் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. இரண்டு வீட்டிலும் அதைச் சத்தமாகச் சொல்லிப் படிப்பார்கள். பெற்றோர் உங்களிடம் வந்து கேட்பார்கள், அவர்களோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கி வையுங்கள்.

கர்த்தருக்குள்,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்